அண்ணனின் வயது எக்ஸ் என்க

ஏற்காட்டு மலையில் உள்ள மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டும் லாசரின் வீட்டில் அந்தக் கோடையில் இரண்டு பேர் ஒரே பரீட்சைக்குப் படித்தார்கள். ஒருத்தி அவனுடைய மனைவி ஜெயமேரி. இன்னொருத்தி அவனுடைய தங்கை செல்வமேரி. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சண்டையில்லாமல் சமைப்பதே பெரிய காரியம் என்று நினைத்திருந்த அக்கம்பக்கத்தார், இருவரும் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்து உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆசை முதலில் வந்தது ஜெயமேரிக்குத்தான். அவள் பக்கத்து எஸ்டேட்டின் மருந்தகத்தில் உதவியாள். கட்டுப் போடுவது, மாத்திரை எண்ணிப் பொட்டலம் கட்டுவது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது எல்லாம் அவள் வேலை. முந்தைய வருடம் சேலத்திலிருந்து மலேரியா முகாம் போட வந்தவர்கள் ஒரு மைக்ராஸ்கோப் கொண்டுவந்திருந்தார்கள். ரத்தம் சோதித்த பெண் மதியம் சாப்பிடப் போகும்முன், "பாக்கறீங்களா?" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். ஜெயமேரி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். வட்ட வட்டமாக, நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு கூட்டமே உள்ளே இருந்தது. தன் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டில் இத்தனையா என்று அவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

மருந்தகத்தின் கம்பவுண்டர் தேவசிகாமணிதான் ஏப்ரல் மாதம் அந்தச் சேதியைச் சொன்னார். சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருடம். ப்ளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். பத்தாவது தேறி, மருந்தகத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும் சேரலாம். ஆனால் வயது முப்பதைத் தாண்டக் கூடாது, நுழைவுத் தேர்வு உண்டு.

"உனக்கு என்ன வயசும்மா?" என்றார்.

"இருபத்தொம்போது முடியப் போகுதுங்க."

"அப்ப இந்த வருசம் உட்டா அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னபோது லாசர் உடனே சரி என்றான். மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த செல்வமேரி, "அப்ப நானும் எழுதறேன்" என்றாள். அவள் ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடமாக வீட்டில்தான் இருந்தாள். படிப்பில் சூட்டிகை, ஆனால் எதிலும் நிலையாக உட்கார மாட்டாள்.

மாதிரி வினாத்தாளை வாங்கிப் பார்த்ததும் ஜெயமேரி அதைக் கவிழ்த்துவைத்தாள். ஆங்கிலம், அறிவியல் இரண்டும் எப்படியோ போகட்டும். மூன்றாவது பகுதி முழுக்க இயற்கணிதம். பத்தாவது வகுப்பில் அவளைப் பாடாய்ப் படுத்திய அதே எக்ஸும் ஒய்யும் அப்படியே இளமை மாறாமல் வந்து நின்றன. அன்றைக்குக் கணக்கில் நாற்பத்தொரு மார்க் வாங்கித் தப்பித்தபோது, இனி இந்த எழுத்துகளின் முகத்திலேயே விழிக்க வேண்டியதில்லை என்று தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியவள் அவள்.

லாசர் சேலத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு வினா விடைப் புத்தகம் வாங்கி வந்தான். ஏற்கெனவே யாரோ படித்து, முக்கியம் என்று எல்லா வரிகளிலும் கோடு போட்டிருந்த புத்தகம். அதை வைத்து இருவரும் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த அன்றே தகராறு.

"ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து ஏழைக் கழித்தால் கிடைப்பது, அதே எண்ணோடு பதினைந்தைக் கூட்டினால் கிடைப்பதற்குச் சமம். அந்த எண் எது?" கீழே ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என நான்கு விடைகள்.

ஜெயமேரி நோட்டில் ஓரம் விட்டு, "அந்த எண் x என்க" என்று எழுதினாள். அடியில் கோடு போட்டாள். பிறகு ஒவ்வொரு வரியாக, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். அவள் பாதி வழியில் இருக்கும்போதே செல்வமேரி, "பதினொண்ணு" என்றாள்.

"எப்படி வந்துச்சு?"

"நடுவுல இருக்கறதுல ஒண்ண எடுத்துப் போட்டுப் பாத்தேன். ஒம்போதப் போட்டா ஒரு பக்கம் இருபது, மறுபக்கம் இருபத்திநாலு. பத்தல. அடுத்ததப் போட்டேன். ரெண்டு பக்கமும் இருபத்தாறு. முடிஞ்சுதுங்க அண்ணி."

"இது கணக்குப் போடறதா? கதவத் தட்டித் தட்டி யாரூடுன்னு பாக்கற மாதிரி இருக்கு."

"ஊடு கண்டுபுடிச்சாப் போதாதா? நாலு கதவுதானே குடுத்திருக்காங்க."

ஜெயமேரி தன் வழியிலேயே போய்ப் பதினொன்றுக்கு வந்து சேர்ந்தாள். விடை சரி. ஆனால் அதற்குள் செல்வமேரி அடுத்த மூன்றை முடித்துவிட்டு மாம்பழம் நறுக்கப் போய்விட்டாள்.

இப்படியே நாட்கள் போயின. காலையில் லாசரின் ஜீப் முதல் நடைக்குக் கிளம்பும்போது ஜெயமேரி முன் சீட்டில் ஏறி எஸ்டேட் முக்கில் இறங்கிக்கொள்வாள். பனிமூட்டம் இறங்கும் நாட்களில் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிடும். அவள் அதில் விரலால் ஒரு சமன்பாட்டை எழுதி, அது வடிந்து ஒழுகும்முன் விடை கண்டுபிடிக்கப் பார்ப்பாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைச்சோலை ஊர்க்காரர்கள் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

"ஜெயா, எனக்கு ரோடு தெரியணும்" என்று லாசர் துணியால் துடைப்பான்.

"ஏனுங்க, இன்னும் ஒரு வரிதானுங்க. துடைச்சுப்புட்டீங்களே."

"வளைவுல போயி உன்ற எக்ஸுக்குள்ளயே வண்டிய உட்டுருவேன், பரவாயில்லயா?"

மே மாதம் ஆனது. எண் கணக்குகள் ஓரளவு பிடிபட்டன. ஜெயமேரியை விடாமல் படுத்தியது வயதுக் கணக்கு. இத்தனை ஆண்டுகளுக்கு முன், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் என்று வந்துவிட்டால் அவளுக்கு யார் முன்னே போகிறார், யார் பின்னே வருகிறார் என்றே புரியாது. தகப்பனுக்கு வயதைக் குறைத்தால் மகனுக்குக் குறைக்க மறந்துபோவாள். ஒருமுறை அவள் போட்ட கணக்கில் மகன் தகப்பனுக்கு ஆறு வருடம் மூத்தவனாக வந்தான். செல்வமேரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"புத்தகத்துல யாரோ ஒரு ராமு, சோமு. அவங்க வயசு என்னவா இருந்தா எனக்கென்ன? அதனாலதான் மண்டைல ஏற மாட்டேங்குது" என்றாள் ஜெயமேரி.

"அப்ப நம்மூட்டு ஆளுங்கள வெச்சே நான் கணக்குக் குடுக்கறேன்" என்றாள் செல்வமேரி.

அன்று சாயங்காலம் கோடை மழை பெய்துகொண்டிருந்தது. ஜெயமேரியின் மகள் புஷ்பம் ஓட்டிலிருந்து விழும் தண்ணீரில் தட்டைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். செல்வமேரி கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி யோசித்துவிட்டு ஒரு கணக்கை எழுதி அண்ணியிடம் நீட்டினாள்.

"ஓர் அண்ணன் தன் தங்கையைவிட ஒன்பது வயது மூத்தவன். பத்து ஆண்டுகளுக்கு முன் அண்ணனின் வயது தங்கையின் வயதைப்போல் இரு மடங்கு. அண்ணனின் இப்போதைய வயது என்ன?"

விடைகள் எதுவும் கொடுக்கவில்லை. ஜெயமேரிக்கு அதுதான் பிடித்தது. "அண்ணனின் வயது x என்க" என்று எழுதிக் கோடு போட்டாள். தங்கைக்கு x கழித்தல் ஒன்பது. பத்து வருடம் முன்னே இருவருக்கும் பத்துப் பத்துக் குறைத்தாள். இந்த முறை யாரையும் மறக்கவில்லை. இரு மடங்கைப் பெருக்கினாள், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். கடைசி வரியில் இருபத்தெட்டு வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தாள். பத்து வருடம் முன்னே அண்ணனுக்குப் பதினெட்டு, தங்கைக்கு ஒன்பது. சரிதான்.

"அண்ணனுக்கு இருபத்தெட்டு, தங்கச்சிக்குப் பத்தொம்போது. சரியா செல்வா?"

"நொம்ப சரி. எங்கண்ணனும் நானுந்தான் அது."

சொன்ன பிறகுதான் செல்வமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்படியில் களி கிண்டும் சத்தம் நின்றது.

ஜெயமேரி நோட்டைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து என்று சொன்னார்கள். பெண்ணுக்கு இருபத்து மூன்று. இரண்டு வயது வித்தியாசம், பொருத்தமான ஜோடி என்று அவளுடைய அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அந்தக் கணக்குப்படி லாசருக்கு இப்போது முப்பத்தொன்று இருக்க வேண்டும்.

"செல்வா, நீ கணக்கத் தப்பா எழுதிட்டியா?"

"ஆமாங்க அண்ணி, தப்பாத்தான் எழுதிட்டேன்" என்றாள் செல்வமேரி அவசரமாக. அவசரமே காட்டிக்கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து லாசர் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு டீ கேட்டான். ஜெயமேரி டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, செல்வா பொறந்தப்ப நீங்க எத்தனாவது படிச்சிட்டிருந்தீங்க?"

"நாலாவது. ஏன் கேக்கற? ஞானஸ்நானத்துக்கு நாந்தான் மெழுகுவத்தி புடிச்சிட்டு நின்னேன். மெழுகு கையில ஒழுகி நான் கத்துன கத்துல பாப்பா அழுவறத நிறுத்திருச்சு."

"நாலாவதுன்னா ஒம்போது வயசு."

"இருக்கும்."

"செல்வாவுக்கு இப்பப் பத்தொம்போது."

லாசர் டம்ளரைக் கீழே வைத்தான். தங்கையைப் பார்த்தான். தங்கை புஷ்பத்தைக் கூப்பிடப் போவதுபோல் எழுந்து வாசலுக்குப் போனாள். அம்மாவைப் பார்த்தான். மாமியார் கரண்டியோடு வந்து நின்று, ஒளித்துப் பேசுவதில் இனிப் பிரயோஜனமில்லை என்று கண்டவளாக நிதானமாகச் சொன்னாள்.

"அவனத் திட்டாத கண்ணு. கோயில் திருநாள்ல உன்னப் பாத்துப்புட்டு வந்து, கட்டுனா அந்தப் புள்ளையத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். விசாரிச்சா உனக்கு இவனவிட ஒரு வயசு கூட. உங்கப்பன் ஒத்துக்குவாரா? நாந்தான் மூணு வருசத்தச் சேத்துச் சொன்னேன்."

"கல்யாணம் பண்ணி வெச்ச சாமியார்கிட்ட நான் பொய் சொல்லலீங்க" என்றான் லாசர். பதற்றத்தில் மனைவிக்கே ங்க போட்டான். "கோயில் பதிவேட்டுல சரியான வயசுதான் இருக்குது. நீ கையெழுத்துப் போட்டப்பப் படிக்கல."

ஜெயமேரி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். விறகு அடுக்கியிருந்த சாய்ப்பின் கீழே நின்றாள். மழை சாய்ந்து பெய்து காலை நனைத்தது. கோபம் வரத்தான் செய்தது. ஆறு வருடம். மாமியாரும் நாத்தனாரும் புருசனும் ஆளுக்கொரு பக்கம் இந்த மூன்று வருடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள் மட்டும் பேச்சுக்குப் பேச்சு ங்க போட்டு, தன்னைவிடச் சின்னவனை எழுந்து நின்று வரவேற்றிருக்கிறாள். காய்ச்சல் வந்தால், வயதாகிறதில்லையா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லியிருக்கிறாள். அதை நினைத்ததும், கோபத்தோடு கோபமாக உதட்டோரம் துடித்தது. ஒத்தக் காலில் நின்றான் என்பதை மறுபடி நினைத்தாள். இருபத்திரண்டு வயதுப் பையன் அந்த நீளக் கால்களில் ஒன்றை மடக்கிக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது.

உள்ளே வந்தபோது மூவரும் விட்ட இடத்திலேயே இருந்தார்கள்.

"லாசரு," என்றாள். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

மாமியாரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வாசலில் செல்வமேரிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளால் முடியவில்லை. அவள் சிரிக்க, புஷ்பம் காரணம் தெரியாமல் சிரிக்க, கடைசியில் மாமியாரும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லாசர் மட்டும் டம்ளரை நீட்டி, "ஊத்துங்க அக்கா" என்றான்.

ஒரு வாரம் அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அப்புறம் மறந்துபோய்ப் பழையபடி ஏனுங்கவுக்கே திரும்பிவிட்டாள். நாக்கு பழகினால் பழகினதுதான்.

ஆனால் ஒன்று திரும்பவில்லை. கணக்கைக் கண்டால் வரும் பயம் போய்விட்டது. அதுவரை அவளுக்கு எக்ஸ் என்பது யாரோ எங்கோ உட்கார்ந்துகொண்டு மனிதர்களைத் திண்டாட வைக்கப் போட்ட குறி. இப்போது அது நனைந்த தலையோடு வந்து டீ கேட்கிற ஆள். மறைத்துச் சொன்னாலும், சொன்னவற்றை ஒழுங்காக எழுதி ஒவ்வொரு வரியாக இறங்கினால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அவள் வயதுக் கணக்குகளைத் தேடித் தேடிப் போட்டாள். புத்தகத்தில் தீர்ந்ததும் மருந்தகத்துக்கு வருகிறவர்களின் குடும்பங்களை விசாரித்துப் போட ஆரம்பித்தாள். தேவசிகாமணி, "இருமலுக்கு வந்தவங்ககிட்ட மாமியா வயச எதுக்கும்மா கேக்கற?" என்று அதட்டும்வரை அது நடந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பரீட்சை. இருவரும் முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் செல்வமேரிக்கு ஆகாது. பாதி மலைவரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தவள், மீதி மலைக்கு அண்ணியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அடிவாரத்தில் முகம் கழுவி, சோடா குடித்து, பழைய ஆளாகி நடந்தாள்.

மண்டபத்தில் மின்விசிறி சுற்றியும் சேலத்து வெயில் கழுத்தில் வழிந்தது. இருவருக்கும் வேறு வேறு வரிசை. ஆங்கிலமும் அறிவியலும் ஜெயமேரி நினைத்ததைவிடச் சுமாராகவே போயின. இயற்கணிதத்தில் முதல் பாதி கைக்குள் வந்தது. நடுவில் ஒரு தொகுதி புதிதாக இருந்தது. கேள்வியிலும் எண் இல்லை, விடைகளிலும் எண் இல்லை, எல்லாம் எழுத்துகள். ஒரு கூடையில் a பழங்கள், b கூடைகள், அழுகியவை c, மீதி எத்தனை என்கிற மாதிரி. அவள் ஏற்காட்டு ஆரஞ்சுக் கூடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதி இறங்கினாள். வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் நேரம் போய்விட்டிருந்தது. கடைசிப் பக்கம் முழுக்க மிச்சம். தன் வழியில் போனால் பாதிகூட முடியாது. "x என்க" என்று எழுதப்போன கையை நிறுத்தினாள். ஒரு நிமிடம் மனது ஒப்பவில்லை. பிறகு நாலு கதவுதானே என்று நடுவில் இருந்த எண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதிகமாக வந்தது. அதைவிடச் சின்ன எண்ணைப் போட்டாள். இரண்டு பக்கமும் சமமானது. அட, இது இவ்வளவு சுலபமா என்று அடுத்ததற்குப் போனாள். மணி அடித்தபோது ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்துவைத்தாள்.

பஸ் நிலையத்தில் நன்னாரி சர்பத் குடிக்கும்போது செல்வமேரி வழக்கத்துக்கு மாறாக டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"அந்த எழுத்துக் கணக்குல மாட்டிக்கிட்டேங்க அண்ணி. நம்பரே இல்ல. எதப் போட்டுப் பாக்கறது? அங்கயே உக்காந்துட்டேன்."

ஜெயமேரி தன் சர்பத்தில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினாள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. ஜெயமேரிக்கு இடம் கிடைத்திருந்தது. செல்வமேரிக்கு இல்லை.

அன்று செல்வமேரி சாப்பிடாமல் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். ஜெயமேரி தன் இட்லியையும் பாத்திரத்துக்குள்ளேயே எடுத்துவைத்தாள். தான் முப்பதைத் தொடப்போகிறவள். செல்வமேரியோ வாழ்க்கை முழுக்க முன்னே கிடக்கிற பெண். இடத்தை அவளுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா என்றுகூட லாசரிடம் கேட்டாள்.

"பஸ்ஸுல சீட்டுப் போட்டு வைக்கற மாதிரியா இது?" என்றான் லாசர். "பேசாமப் போயிப் படி. அவ எந்திரிப்பா."

மறுநாள் காலையில் செல்வமேரி தானாகவே எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. முந்தின நாள் மிச்சமிருந்த இட்லியை எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க படிக்கப் போயிட்டா மருந்தகத்துல உங்க வேலைக்கு யாரு வர்றாங்க?"

"தெரியல. தேவசிகாமணி ஐயாதான் பாக்கணும்."

"நான் போறேன். அடுத்த வருசம் திரும்ப எழுதுவேன். நீங்க எனக்கு அந்த வரிவரியாப் போடறத மட்டும் சொல்லிக் குடுத்துருங்க."

அப்படித்தான் ஆயிற்று. மருந்தகத்தில் முதல் வாரம் யாருக்கோ ஊசி போடுவதைப் பார்த்துச் செல்வமேரி மயங்கி விழ, நோயாளியே அவளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பழகிவிட்டாள். சனி ஞாயிறுகளில் ஜெயமேரி வீட்டில் இருக்கும்போது நோட்டை எடுத்துவந்து அருகில் உட்காருவாள். ஓரம் விட்டு, கோடு போட்டு, சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாதியில் விடை தெரிந்துவிடும்; தெரிந்த பிறகும் மீதி வரிகளை எழுதச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "அதான் வந்துருச்சில்ல?" என்பாள். "வந்தது உனக்குத் தெரியும், பேப்பருக்குத் தெரிய வேண்டாமா?" என்பாள் ஜெயமேரி.

அடுத்த வருடம் செல்வமேரிக்கும் இடம் கிடைத்தது. லாசர் தினமும் அதிகாலையில் இருவரையும் ஜீப்பில் ஏற்றி ஏற்காடு பஸ் நிலையத்தில் விட்டான். புஷ்பத்துக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, அதுவரை செல்வமேரி பார்த்த வேலை, அவன் பொறுப்பாயிற்று. முதல் மாதம் அவள் போன கோலத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

அந்தப் படிப்பில் முதல் வருடத்துப் பெண்கள் இரண்டாம் வருடத்துப் பெண்களை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். செல்வமேரி அதைக் கறாராகக் கடைப்பிடித்தாள். சேலத்தில் இருக்கும்வரை ஜெயமேரி அவளுக்கு அக்கா. சாயங்கால பஸ் அடிவாரம் தாண்டி முதல் வளைவில் திரும்பியதும், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சாயணும்" என்பாள்.